கேட்டது ஃபோர்க்லிப்ட்

பாட்டில் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமும் அவருக்கு ஒரே வேலைதான். விளக்கு எரியும் வெள்ளைப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை அந்த நாற்காலியை எடுத்துவிட்டுக் கேமரா வைத்தார்கள். அவர் கைக்கு ஒரு கடிதம் வந்தது. வேலை போனவர்களுக்கு அரசாங்கமே மூன்று மாதம் உதவித்தொகை கொடுத்து வேறு தொழில் கற்றுத்தருமாம்.

அவர் ஃபோர்க்லிப்ட் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். பெட்டிகளை அலேக்காகத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடும் அந்தக் குட்டி வண்டியின் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். வீட்டில் மனைவியிடமும் மகளிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்தார்.

பயிற்சி நிலையத்தில் அவருடைய எண்ணுக்கு நேரே எழுதியிருந்த அறைக்குப் போனால், வண்டியைக் காணோம். நாலு கட்டில் கிடந்தது. கட்டிலுக்கு ஒன்றாக ஆளுயர ரப்பர் பொம்மைகள், கழுத்துவரை போர்த்திக்கொண்டு. சுற்றி இருபது வயசுப் பிள்ளைகள், இளைஞர் வேலைத் திட்டத்தில் வந்தவர்கள்.

"உள்ள வாங்க அங்கிள், நோயாளிப் பராமரிப்பு இதுதான்" என்றாள் ஒரு பெண்.

அவர் பேந்தப் பேந்த விழித்தார். நேரே அலுவலகத்துக்குப் போனார்.

"மேடம், நான் பதினேழாம் நம்பர். என்னை எங்கேயோ மாத்திப் போட்டுட்டாங்க."

எழுத்தர் அம்மாள் திரையைத் தட்டிப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல உங்களுக்கு நோயாளிப் பராமரிப்புன்னுதான் இருக்கு. எழுபத்தொண்ணுக்குத்தான் ஃபோர்க்லிப்ட்."

"அதான் மேடம், பதினேழு எழுபத்தொண்ணுன்னு திரும்பித் தப்பா விழுந்திருக்கு."

"திருத்தணும்னா மேல எழுதணும். பதில் வர்ற வரைக்கும் வகுப்புக்குப் போங்க. மூணு நாள் வரலைன்னா பேரையே எடுத்துடுவாங்க."

தப்பான வகுப்புக்குப் போகாவிட்டால் சரியான வகுப்பும் போய்விடும். இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பொம்மையைப் புரட்டப் போனார்.

வீட்டில் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. "வண்டி எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டால், "கனமா இருக்கு" என்பார்.

இரண்டாம் மாதம் நிஜ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒரு தையல்காரரை அவரிடம் விட்டார்கள். முதல் நாள் திருப்பிப் படுக்கவைக்கும்போது தையல்காரர் பயந்துபோய் இவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் பதிந்து சிவந்துவிட்டன. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, இவர் கை வைத்ததும் தையல்காரர் தானாகவே உடம்பைத் தளர்த்திக் கொடுத்தார். அன்று முழுக்க இவருக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அதுதான் அவரை ரொம்பக் குழப்பியது.

அந்த வாரக் கடைசியில் மனைவியின் தம்பி வந்தான். "மாமா, எங்க கிடங்குல ஆள் எடுக்கறாங்க. நாளைக்கு வந்து வண்டிய ஓட்டிக் காட்டுங்க."

அவர் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா" என்றார்.

மச்சினன் தன் அக்காவைப் பார்த்தான். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு வாரமா சட்டையில ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. ஏதோ வியாதி, எங்கிட்ட மறைக்கறீங்கன்னு நான் செத்துப் பிழைச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள். பிறகுதான் அவள் குரல் உடைந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். மகள் மட்டும், "அப்போ ஆள திருப்பிப் படுக்கவைக்கவா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சான்றிதழ் வாங்கப் போன அன்றுதான் மனுவுக்குப் பதில் வந்திருந்தது. தவறு திருத்தப்பட்டது, அடுத்த மாதம் ஃபோர்க்லிப்டில் இடம். கூடவே அதே ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு அழைப்பும். எழுத்தர் அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். "ரெண்டுல ஒண்ணுக்கு டிக் பண்ணுங்க."

"எது நல்லது மேடம்?"

"அது உங்க விருப்பம்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு நேரே டிக் போட்டார்.

"யோசிச்சுத்தானே போட்டீங்க?"

"தெரியல மேடம்" என்றார்.

அவள் முத்திரை குத்தினாள். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனார்.