எக்கோ ரங்கன்

கனகராஜின் மெல்லிசைக் குழுவில் பாடுகிறவர்கள் மாறுவார்கள், தபலாக்காரர் மாறுவார், புல்லாங்குழல்காரர் கோபித்துக்கொண்டு போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருவார். மேடையின் இடது ஓரத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஸ்ரீரங்கன் மட்டும் பத்தொன்பது வருடமாக மாறவில்லை. கல்யாண வரவேற்புக்கு வருகிறவர்கள் யாரும் அவனைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பாட்டுக்காரியைப் பார்ப்பார்கள், பந்தியில் இடம் காலியாகிவிட்டதா என்று பார்ப்பார்கள். ஆனால் "சினிமாவுல கேக்கற மாதிரியே இருக்கே" என்று யாராவது வாயைத் திறந்து சொன்னால், அதில் பாதி ரங்கனுக்கும் அவன் பெட்டிக்கும் சேர வேண்டியது.

பெட்டி என்றால் எக்கோப் பெட்டி. கனகராஜ் எப்போதோ சிங்கப்பூருக்குக் கச்சேரி பண்ணப் போனபோது வாங்கி வந்தது, இரண்டு செங்கல்லை அடுக்கி வைத்த அளவு இருக்கும். ஒரு சொல் அதற்குள் போனால் கொஞ்சம் பொறுத்து மறுபடி வரும், பிறகு மறுபடி, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சன்னமாகி ஓய்ந்துபோகும். எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும், எத்தனை முறை வர வேண்டும் என்பதற்குத் திருகுகள் உண்டு. அதை வாங்கி வந்த ஆறாம் மாதமே ரங்கன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான்.

கை இரண்டும் மிக்ஸரில் இருக்கும்போது பெட்டியை யார் திருகுவது? பழைய தையல் மெஷினின் மோட்டார் மிதியை வாங்கி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு ஒரு வால்யூம் கண்ட்ரோலைப் பொருத்தி, எக்கோவைக் காலுக்குக் கொண்டுவந்தான். பல்லவியின் கடைசிச் சொல்லில் மிதித்தால் அது மண்டபம் முழுக்க அலைந்துவிட்டு வரும். காலை எடுத்தால் நின்றுவிடும். பெட்டியின் முதுகில் துளை போட்டு, மிளகளவு சிவப்பு விளக்கு ஒன்றையும் வைத்தான். ஒலி திரும்பி வருகிற ஒவ்வொரு தடவையும் அது ஒரு முறை மினுக்கும். அவன் பக்கம் பார்த்த விளக்கு, மற்றவர்கள் கண்ணில் படாது. கம்பெனிக்காரன் செய்தது பாதி, ரங்கன் செய்தது மீதி என்று ஆகிவிட்டது.

குழுவில் அவனுக்குப் பாம்புச் செவி என்று பெயர். எட்டு வயலின் சேர்ந்து வாசிக்கும்போது எந்த வயலினில் எந்தத் தந்தி இறங்கியிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவான். கிடார் ஷரீஃப் அவனை அய்யரே என்று கூப்பிடுவான். தான் ஐயங்கார் என்று ரங்கன் முதல் இரண்டு வருடம் திருத்திப் பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான். காது ஒன்று போதும், மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று நினைக்கிற மனுஷன்.

1996 கோடையில் பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது.

கச்சேரி சாலையில் இருந்த தன் வீட்டில் ஒரு மத்தியானம், மைக்கை நகத்தால் தட்டினான். டக். டக் என்று திரும்பி வந்தது. இரண்டாவது வந்தது, மூன்றாவது சன்னமாக வந்தது. அதோடு சரி. ஆனால் விளக்கு ஏழு முறை மினுக்கியது. அவன் ஏழுக்குத்தான் வைத்திருந்தான், விளக்கு சரியாகத்தான் சொல்கிறது. அப்படியானால் விளக்கைத் தாண்டி, ஒலி வெளியே வருகிற வழியில் கோளாறு. ரங்கனின் கணக்கில் பிசகே இல்லை. அந்த அறையில் கோளாறாகக்கூடிய பொருள் இன்னொன்றும் இருந்தது என்பதைத் தவிர.

எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் ஐ.சி. வாங்கி வந்தான். மாற்றினான். விளக்கு ஏழு, சத்தம் மூன்று. கெப்பாசிட்டர்களை மாற்றினான். ஏழு, மூன்று. எக்கோ மழுங்கலாக வருவதால்தான் கேட்கவில்லை என்று தோன்றி, கூர்மையான ஒலியை வடிகட்டுகிற பகுதியையே கழற்றி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தான். அப்போதும் அதே மூன்று. இரண்டு மாதம் அந்தப் பெட்டியோடு மாரடித்தான்.

அந்த வருடம் பொருள்கள் எல்லாமே அவனுக்கு எதிராகச் சதி செய்தன என்று வைத்துக்கொள்ளலாம். கைக்கடிகாரத்தில் மணிக்கொரு தரம் அடிக்கிற பீப் நின்றுபோயிற்று. லஸ்ஸில் ஒரு கடிகாரக் கடையில் மூன்று தடவை பேட்டரி மாற்றினான். மூன்றாவது தடவை கடைக்காரர், "அடிக்குதே சார்" என்றார். ஏமாற்றுகிறான் என்று ரங்கன் சண்டை பிடித்துவிட்டு வந்தான். பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்புகிற இடத்திலிருந்து இரும்பை அறுக்கிற சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் புலம்பினார்கள். இவனுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, சகிப்புத்தன்மை இல்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டான். மனைவி ஜானு வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று கோபித்துக்கொண்டதும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவள் அவள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

ஒத்திகையில் ஷரீஃப் மட்டும் ஒரு தடவை சொன்னான்: "இன்னா அய்யரே, எக்கோ காதைக் குத்துதுபா. கீச்சுகீச்சுனு கீது. கொஞ்சம் கொறைச்சுக்கோ."

"கொறைக்கறதா? வரவே மாட்டேங்கறது!" என்றான் ரங்கன்.

கடைசியில் அவன் செய்யக்கூடாததைச் செய்தான். பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு. இதற்கு மேல் போகாதே என்று கம்பெனிக்காரன் அதில் சிவப்புச் சாயம் வைத்து அனுப்பியிருந்தான். ரங்கன் சாயத்தைச் சுரண்டிவிட்டுத் திருகினான். விளக்கு பன்னிரண்டு, பதினைந்து என்று மினுக்கிக்கொண்டே போனது. காதில் ஆறு கேட்டது. அப்பாடா என்று இருந்தது. அன்று ராத்திரி இரண்டு மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை தி. நகரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. ஏழரை மணி, நல்ல கூட்டம். பாட்டுக்காரி பல்லவியின் உச்சியில் நின்று இழுத்தாள், ரங்கன் வழக்கம்போல் மிதித்தான்.

முதலில் அவன் பார்த்தது ஷரீஃபின் கை தந்தியிலிருந்து எழுந்ததை. பிறகு முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை, மடியிலிருந்த ஐஸ்கிரீம் கவிழ, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. பெரியவர் ஒருவர் எழுந்து நின்று அவனைப் பார்த்துக் கையால் எதையோ திருகிக் காட்டினார். பாட்டுக்காரி வாயை மூடிவிட்டாள். மணமக்கள் முதல் வீடியோக்காரன் வரைக்கும் மண்டபமே இடது ஓரத்தைப் பார்த்தது. பின்னால் என்னவோ நடக்கிறது என்று நினைத்து ரங்கனும் திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே ஸ்பீக்கர் பெட்டியும் சுவரும்தான் இருந்தன. அவன் காதில் மின்விசிறி ஓடுவது போல லேசாக ஓர் இரைச்சல், அவ்வளவுதான்.

ஷரீஃப் கிடாரைக் கீழே வைத்துவிட்டு மேடையைக் குறுக்கே கடந்து வந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.

"தூங்கினியா நைனா? காது கிழிஞ்சு போச்சு எல்லாருக்கும்!"

கச்சேரி முடிந்ததும் கனகராஜ் அவனை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். கத்துகிற சுபாவம் இல்லாத மனிதர். அன்றைக்குக் கத்தியிருந்தால் தேவலை என்று ரங்கனுக்கு இருந்தது.

"பொட்டியா, ரங்கா?"

"பெட்டிதான் சார். உள்ள ஒரு ஸ்க்ரூ லூஸாயிடுத்து."

"ஞாயித்துக்கிழமை அடையாறுல நமக்கு புக்கிங் இருக்கு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நானே வந்து பொட்டிய எடுத்துக்கறேன். பொட்டியில கோளாறுன்னா சரி பண்ணி வைங்க, எப்பவும் போல நீங்களே உக்காரலாம். பொட்டியில இல்லன்னா..." அவர் நிறுத்தி, அவன் முகத்துக்கு நேராக வந்து, நிதானமாக, உரக்க மறுபடி சொன்னார். "பொட்டியில இல்லன்னா, எங்கிட்ட சொல்லிடுங்க."

எதற்கு இவர் செவிடனிடம் பேசுகிற மாதிரிப் பேசுகிறார் என்று ரங்கன் நினைத்தான். பஸ் பாண்டி பஜாரைத் தாண்டுவதற்குள் செவிடன் என்ற அந்தச் சொல் தனக்கே பொருந்துமோ என்று தோன்றிவிட்டது. அப்புறம் அதை அவனால் உதற முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனான். பெருமாளே, பெட்டியில் கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். இப்படி ஒரு வேண்டுதலை அந்தப் பெருமாளும் கேட்டிருக்க மாட்டார். காது போய்விட்டால் ரங்கன் யார்? வேறு தொழில் தெரியாது என்பது கூடப் பெரிதில்லை, ஜானுவின் சம்பளத்தில் அடுப்பு எரியும். காலையில் கண் விழிப்பதற்கு ஒரு காரணம் வேண்டாமா? ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் பத்தொன்பது வருடம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கு இதுவா பலன் என்று நினைத்தபோது, பிரகாரத்தில் வைத்தே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கோடைக்கு முன்னால் இருந்த நிலைக்கே கொண்டுபோனான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தவற்றைத் திரும்பப் பற்றவைத்தான். சின்னத் திருகைப் பழைய சாயத்தின் தடம் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். தட்டிப் பார்த்தான். விளக்கு ஏழு. காது மூன்று.

நாலு மணிக்கு ஜானு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை வைப்பதற்குள் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னான். பெட்டியின் முகம் அவள் பக்கம், விளக்கு இருந்த முதுகு அவன் பக்கம்.

"நான் தட்டறேன். அப்புறம் அது திரும்பித் திரும்பி வரும். கேக்கற வரைக்கும் வலது கையைத் தூக்கிண்டே இரு. நின்னதும் எறக்கிடு. நிஜமாச் சொல்லணும்."

"எதுக்குன்னா இதெல்லாம்?"

"சொன்னதைச் செய்யேன்."

ஜானு வலது கையைத் தூக்கினாள், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை போல. அவன் தட்டினான். ஒன்று. அவனையறியாமல் தலையை ஆட்டினான். இரண்டு. மூன்று. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலை நின்றது. அவள் கை இறங்கியது.

மூன்று! ரங்கனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவளுக்கும் மூன்றுதான். பெட்டிதான், பெட்டியேதான். கனகராஜ் வரட்டும், பெட்டியைக் குப்பையில் போடுங்கள் சார் என்று சொல்லிவிடலாம்.

அப்போதுதான் அவள் இடது கையைப் பார்த்தான். அது மடியில் இருந்தது. எதை எண்ணினாலும் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுவது அவள் பழக்கம், பால் பாக்கெட் முதல் பரீட்சைத் தாள் வரைக்கும். அந்தக் கட்டைவிரல் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. விளக்கு மினுக்கியது, விரல் அடுத்த கணுவுக்குப் போனது. நாலு. விளக்கு மினுக்கியது. அஞ்சு. அவளுக்கு விளக்கு தெரியாது, தெரிய வழியே இல்லை. ஆறு. ஏழு. விளக்கு அணைந்தது. விரலும் நின்றது.

அவனுக்கு அந்த நேரம் முழுக்க அறை நிசப்தமாக இருந்தது.

அவன் பார்வை போன இடத்தை ஜானுவும் பார்த்தாள். இடது கையை மெல்ல மூடிக்கொண்டாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?" என்று கேட்டான்.

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அவன் மாதமா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தாள். இரண்டு வருடம். அவள் அறைக்குள் வந்து, எதிரே நின்று, அவன் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பேச்சை ஆரம்பிக்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வேலையைக் கெடுக்கிறாள் என்று அதற்கும் எரிந்து விழுந்திருக்கிறான்.

ரங்கன் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, பெட்டிக்கு மேல் வைத்தான். மிதியைப் பக்கத்தில் வைத்தான். இவ்வளவும் சரியாக இருக்கிறது, ஒரு கோளாறும் இல்லை என்று யாருக்கோ ஒப்படைப்பது போல் பெட்டியை ஒரு துணியால் துடைத்தான். ஜானு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் குனிந்திருந்ததால் அது என்னவென்று தெரியவில்லை, மறுபடி கேட்கவும் மனசு வரவில்லை.

பிறகு அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறக்கப் போனாள். மணி அடித்திருக்க வேண்டும்.