கோர்ஃபக்கான் போன அன்று நான் குடிக்காத டீ

கார் டேஷ்போர்டின் மேல் ஒரு காகிதக் கோப்பை. முக்கால் அளவு கரக் டீ, வளைகுடாவில் எல்லோரும் குடிக்கும் கெட்டிப் பால் டீ. மேலே ஆடை படிந்திருந்தது. வண்டி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அந்த ஆடை ஒரு பக்கமாய்ச் சுருங்கி மறுபடி விரிந்தது. ரஃபிசா அணையிலிருந்து ஷார்ஜா வரைக்கும் நான் சாலையைப் பார்த்ததைவிட அந்தக் கோப்பையைத்தான் அதிகம் பார்த்தேன். அது எனக்காக வாங்கிய டீ. நான் குடிக்கவில்லை. குடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மூன்று வருடமாக யோசிக்கிறேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாங்கிக் கொடுத்தவர் எங்கள் கேம்ப் பாஸ். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் கட்டுமானக் கம்பெனியின் ஆட்கள் தங்கியிருந்த கட்டடத்துக்கு அவர்தான் பொறுப்பு. யாருக்கு எந்த ரூம், எந்தக் கட்டில், தண்ணீர் டேங்க் நிறைந்ததா, மெஸ்ஸில் சோறு வெந்ததா, எல்லாம் அவர் தலையில்தான். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தமிழ் ஆட்கள் அண்ணாச்சி என்போம். அதைக் கேட்டுக் கேட்டு பீகார்க்காரர்களும் பாகிஸ்தான்காரர்களும் 'அண்ணாச்சி பாய்' என்று கூப்பிட்டார்கள். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். ஊர் மன்னார்குடி. என்னை மட்டும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'என்னடே'தான்.

அண்ணாச்சியிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது விசா கேன்சல் என்றால் ஆபீஸிலிருந்து பேப்பர் இவர் கைக்குத்தான் வரும். ஆளிடம் இவர்தான் சொல்லவேண்டும். ரூமில் வைத்துச் சொல்லமாட்டார். கேட்டுக்கு வெளியே இருக்கும் மலையாளி கஃபெட்டேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கரக் வாங்கிக் கொடுப்பார். கடைசி மடக்கு உள்ளே போகும்வரை ஊர் மழையைப் பற்றிப் பேசுவார். கோப்பை காலியான பிறகுதான் சொல்வார். "வெறும் வயித்துல கேக்கப்பிடாதுடே இதெல்லாம்" என்பது அவர் நியாயம். பாவம், நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் கேம்ப் முழுக்க இது பரவி, அண்ணாச்சி டீக்குக் கூப்பிட்டால் டிக்கெட் வந்துவிட்டது என்று ஆகிவிட்டது. அவர் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே ஆட்கள் பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொள்வார்கள். ஒரு பீகார் கொத்தனார் டீ குடிப்பதையே விட்டுவிட்டான். டீ குடிக்காதவனை எப்படி அனுப்புவார்கள் என்பது அவன் கணக்கு. நாங்கள் அவனைக் கேலி செய்து சிரித்தோம். பிறகு நானும் அதே காரியத்தைத்தான் செய்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் சைட்டுகள் குறைந்து கொண்டிருந்தன. ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். இனி கேம்ப்பையும் ஸ்டோரையும் ஒரே ஆள் பார்த்தால் போதும் என்று ஆபீஸில் பேசுவதாக டைம் கீப்பர் என் காதில் போட்டார். அதாவது அண்ணாச்சி, நான், இரண்டு பேரில் ஒருவர்தான். அவர் இருபத்திரண்டு வருடம் அங்கே இருப்பவர். நான் போய் ஐந்து வருடம். யார் போவார் என்று யோசிக்க எனக்கு மூளை தேவைப்படவில்லை. அடுத்த மாதம் என் மனைவியும் மூன்று வயது மகளும் முதல் தடவையாக விசிட் விசாவில் வருவதாக இருந்தது. மகளை நான் கையில் தூக்கியதே மொத்தம் ஒரு லீவில்தான். வீடியோ காலில் அவள் என்னை 'ஃபோன் அப்பா' என்று கூப்பிடுவாள். வேலை போனால் அவர்கள் வருவதும் போச்சு.

இந்த நிலைமையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு ஒனக்கு லீவுதான? வண்டிய எடுடே. கோர்ஃபக்கான் வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்றார். வெள்ளிக்கிழமைகூட கேம்ப்பை விட்டு நகராத மனுஷன். "தண்ணி டேங்க்க யாரு பாப்பாங்க அண்ணாச்சி?" என்றேன். "ஒரு நா அது அதும்பாட்டுக்குக் கெடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மற்றவர்களுக்கெல்லாம் கேட்டுக்கு வெளியே ஒரு டீ. எனக்கு மட்டும் கடற்கரை வரைக்குமா? செய்தி பெரிதாக இருந்தால் டீயும் பெரிதாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதனால் ஒரே ஒரு முடிவு எடுத்தேன். நாளை முழுக்க ஒரு சொட்டு டீ என் வாயில் படாது.

முதல் நிறுத்தம் தைத் என்ற ஊர். அண்ணாச்சி காரை விட்டு இறங்காமல் ஹாரனை அழுத்தச் சொன்னார். கடைக்காரர் ஓடி வந்தார். "சேட்டா, ரெண்டு கரக்." நான் வயிறு சரியில்லை என்றேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டையும் அவரே குடித்தார். அடுத்து மசாஃபி சந்தை. சாலையின் இரண்டு பக்கமும் கம்பளங்கள், மண்சட்டிகள், பூச்செடிகள், காற்றடித்த ரப்பர் பொம்மைகள். ஒரு கம்பளிக் கடையில் நின்று, "மயிலா, புலியா? ஒங் கண்ணுக்கு எது நல்லாருக்கு?" என்று கேட்டார். எங்கள் ஆட்களில் ஒருத்தனும் இங்கே போர்த்திக்கொள்ளக் கம்பளி வாங்கமாட்டான். ஊருக்குக் கட்டுகிற பெட்டிக்குத்தான் வாங்குவான். அப்படியென்றால் இது எனக்கான வழியனுப்புக் கம்பளி. "புலி" என்றேன் எரிச்சலோடு. வாங்கினார். பக்கத்துக் கடையில் வாத்துத் தலை வைத்த மஞ்சள் நீச்சல் வளையம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "ஒம் பிள்ளைக்கு மூணு வயசுதான? சரியா இருக்கும்" என்று அதையும் வாங்கி என் மடியில் போட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். ஊருக்கு அனுப்பப்போகிறவன் பிள்ளைக்கு நீச்சல் வளையம் எதற்கு? எங்கள் ஊர்க் குளத்தில் எருமையோடு மிதக்கவா?

மசாஃபியிலிருந்து திப்பா போகும் சாலையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் செம்பழுப்பு மலைகள். அடிவாரத்தில் பேரீச்சந்தோப்புகள், தோப்புகளுக்கு நடுவே விடுமுறைக்கு வந்து தங்கும் சின்னச் சின்ன வீடுகள். வாசலில் குழந்தைகளின் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. அண்ணாச்சி அரை மைலுக்கு ஒரு தரம் "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்பார். இறங்குவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தோப்பையோ, மண்சுவர் மசூதியையோ, மலையில் நிற்கும் ஆட்டையோ பார்ப்பார். பேசாமல் வந்து ஏறிக்கொள்வார். எனக்கோ எரிந்துகொண்டு வந்தது. சொல்வதைச் சொல்லித் தொலைக்காமல் இப்படி நின்று நின்று கொல்கிறாரே என்று நினைத்தேன். இவ்வளவு அழகான இடத்தை இவ்வளவு கடுகடுத்த முகத்தோடு வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

கோர்ஃபக்கான் கடற்கரையில் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அலை வந்து தொட்டதும் 'ஏயப்பா!' என்று துள்ளிச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் கேம்ப்பில் கேட்டதே இல்லை. சாவிக்கொத்து இல்லாத அவர் இடுப்பு எனக்கு விநோதமாகத் தெரிந்தது. அது ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை. "இருவத்திரெண்டு வருசம்டே. இந்தக் கடல நா இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். கேட்டேன். கேட்டேனே தவிர, மண்டையில் ஏறவில்லை. கரையோரக் கடையில் மறுபடி இரண்டு டீ சொன்னார். நான் வெயில் என்றேன். அந்த இரண்டையும் அவரே குடித்தார்.

திரும்பும்போது புதிய சாலை. மலையைக் குடைந்த சுரங்கங்களைத் தாண்டுவதற்கு முன்னாலேயே ரஃபிசா அணை. மலைகளுக்கு நடுவில் பச்சை நிறத்தில் ஒரு ஏரி. மிதிபடகுகள், குடும்பம் குடும்பமாக ஆட்கள், கரையேறி வந்து பிஸ்கட் கேட்கும் வாத்துகள். அண்ணாச்சி வாங்கி வந்த டீயை இந்தத் தடவை என் கையிலேயே திணித்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தோம். என் பொறுமை அங்கேதான் உடைந்தது.

"அண்ணாச்சி, எனக்கு எல்லாம் தெரியும். அடுத்த மாசம் என் பொண்டாட்டி, புள்ள வர்றாங்க. அவங்க வந்துட்டுப் போற வரைக்குமாவது என்னைய விட்ருங்க. ஆபீஸ்ல நீங்க சொன்னா கேப்பாங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. அடுத்துச் சொன்னதை இப்போது எழுதவே கை கூசுகிறது. "ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, ஒத்தக்கட்டை. அண்ணி போய்ச் சேந்துட்டாங்க, பொண்ணுங்கள கட்டிக் குடுத்துட்டீங்க. நீங்க இங்க இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். எனக்கு அப்பிடியா?"

அவர் ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "டீயக் குடிடே. குடி, சொல்லுதேன்" என்றார்.

"குடிக்கமாட்டேன்."

"ஒரு மடக்கு."

"மாட்டேன் அண்ணாச்சி."

"சரி, விடு" என்றார். ஒரு வாத்து அவர் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. "இதுகளுக்கு விசாவும் கெடையாது, கேன்சலும் கெடையாது பாத்தியா" என்று சொல்லிச் சிரித்தார். எழுந்து காருக்கு நடந்தார். நான் கோப்பையைக் கீழே கொட்டவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல், டேஷ்போர்டில் வைத்தேன். கேம்ப் கேட்டில் இறங்கும்போது அண்ணாச்சி அந்த ஆறிய டீயை எடுத்தார். ஆடையோடு சேர்த்து ஒரே மூச்சில் குடித்தார். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "நல்லாத்தான் வண்டி ஓட்டுத. பிள்ளைய அந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போ, என்ன?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நீச்சல் வளையம் பின் சீட்டில் கிடந்தது.

திங்கள்கிழமை காலையில் என் ஸ்டோர் மேஜைமேல் அந்தச் சாவிக்கொத்து இருந்தது. "அண்ணாச்சிய ஏர்போர்ட்ல விட்டாச்சு. இனி கேம்ப்பும் நீதான்" என்றார் டைம் கீப்பர். கேன்சல் பேப்பர் புதன்கிழமையே வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை அவருக்குத் தெரியும். ஊர் முழுக்க டீ வாங்கிக் கொடுத்துச் செய்தி சொன்ன மனுஷன், தன் செய்தியைச் சொல்ல ஒரு ஆளைத் தேடி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் வருத்தத்தோடு போயிருக்கும். குழப்பம் அதற்குப் பிறகுதான். டைம் கீப்பர் என்ன சொல்கிறார் என்றால், ஆபீஸ் இரண்டு பேரில் ஒரு பேரை எழுதித் தரும்படி அண்ணாச்சியையே கேட்டதாம், அவர் தன் பேரை எழுதிக் கொடுத்தாராம். விசா வேலைகளைப் பார்க்கும் ஆபீஸ் ஆள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது, எப்படியும் புதுப்பிக்கமாட்டார்கள், எழுதவும் இல்லை கிழிக்கவும் இல்லை என்கிறார். இருவருமே சத்தியம் செய்கிறார்கள். முதலாமவர் சொல்வது நிஜமென்றால், எனக்காகப் போகிற மனுஷனிடம்தான் 'நீங்க போனாலும் ஒண்ணுதான்' என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாமவர் சொல்வது நிஜமென்றால் மனம் கொஞ்சம் லேசாகிறது. லேசாகிறதே என்று உடனே வெட்கமாகவும் இருக்கிறது. ஒரு நாள் இதை நம்புகிறேன், ஒரு நாள் அதை. எந்த நாளில் எதை நம்புவது என்பதே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் மனைவியும் மகளும் வந்தார்கள். ஆனால் ஏரிக்குக் கூட்டிப்போகவில்லை. சாவிக்கொத்து கைக்கு வந்தபின் வெள்ளிக்கிழமை என்ற ஒன்றே எனக்கு இல்லாமல் போய்விட்டது. தண்ணீர் டேங்க், மெஸ், மூட்டைப்பூச்சி, சண்டை. ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அந்தக் கடலை அவர் ஏன் இருபத்திரண்டு வருடம் பார்க்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கேன்சல் பேப்பரும் இப்போது என் கைக்குத்தான் வருகிறது. எனக்கும் ரூமில் வைத்துச் சொல்ல மனம் வருவதில்லை. கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகிறேன். என்னைக் கண்டாலே 'சாய் வேண்டாம் பாய்' என்று கும்பிடு போடுகிறார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அவர்கள் இரண்டாம் தடவை வந்தபோது, டேங்க் அதும்பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று ஒரு நாள் கிளம்பிவிட்டேன். தைத், மசாஃபி, கடற்கரை, எல்லா இடத்திலும் நிறுத்தினேன். கடலில் வாத்து வளையத்தை ஊதி மகளுக்கு மாட்டிப் பார்த்தேன். ஆறு வயதாகிவிட்டதே, இடுப்பில் ஏறவில்லை. அவள் அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ஏரிக்கு வந்த பிறகும் கழற்றாமல், நிஜ வாத்துகளுக்குப் பின்னால் ஓடினாள். மனைவி மூன்று டீ வாங்கி வந்தாள். அதே பெஞ்ச். கோப்பை கையில் சுட்டது. அண்ணாச்சியை ஃபோனில் கூப்பிட்டேன். நல்ல நாள் பெரிய நாளில் பேசுவதுதான், ஆனால் இதைக் கேட்கும் தைரியம் அதுவரை வந்ததில்லை.

"அண்ணாச்சி, நான்தான். ரஃபிசாவுல இருக்கேன். அன்னைக்கி நான் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆபீஸ்ல கேட்டதுல என் பேரும் இருந்துச்சா? நீங்களாத்தான் ஒங்க பேர எழுதுனீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பிள்ள வந்திருக்காளா?"

"வந்துருக்கா அண்ணாச்சி. வாத்து தொரத்துறா."

"டீ குடிச்சியாடே?"

"கையில இருக்கு."

"மொதல்ல அதக் குடி" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "பொழுது அடையுமுன்ன பிள்ளையப் படகுல ஏத்து. வச்சிருதேன்."

வைத்துவிட்டார். நான் டீயைக் குடித்தேன். ஆடை படிவதற்குள், சுடச்சுட, கடைசிச் சொட்டு வரை குடித்தேன். காலிக் கோப்பையை ஒரு கையிலும் ஃபோனை மறு கையிலும் வைத்துக்கொண்டு, அவர் திரும்பக் கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். குடித்து முடித்தால் சொல்லிவிடுவதுதானே அவர் வழக்கம். "யார் ஃபோனுக்குக் காத்திருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள். மகள் படகுத் துறையில் நின்று வளையத்தை ஆட்டி ஆட்டி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஃபோன் அடிக்கவில்லை.