வானத்துப் பாதையை நான் கட்டி முடித்த கதை

பெப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ரொறன்ரோவின் ரூஜ் பகுதியிலிருந்து வசந்தி அக்காவின் காரில் ஒரு கதைசொல்லல் நிகழ்ச்சிக்குப் புறப்பட்டோம். யூனியன்வில் மண்டபம் இருபது கிலோமீற்றர்தான். பனி கொட்டியதால் ஒரு மணி நேரம் பிடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வாரமாக அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவருடைய ஒரே மகன் கபிலன் போன வருடம் கார் விபத்தில் இறந்திருந்தான். அவனைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை.

தமிழர்கள் கூடியிருந்த அந்த மண்டபத்தில் கதை சொன்னவர் கலிபோர்னியாவின் வின்டு பழங்குடிப் பெண். இப்போது ரொறன்ரோவில் வாழ்கிறார். பனிக்காலத்தில் மட்டுமே சொல்லும் கதை என்றார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்குவது என் வேலை.

மனிதர் சாகாதிருக்க இரண்டு சகோதரர்கள் வானத்துக்குக் கல்பாதை கட்டுகிறார்கள். கிழவர்கள் ஏறிப்போய் அங்கே குளித்தால் இளமை திரும்பும். செடிட் என்ற கொயோட்டி, ஓநாய்ச் சாதித் தந்திரக்காரன், வந்து வாதாடுகிறான்: சாவு இருந்தால்தான் பிறப்பு இருக்கும், செத்தவருக்காக அழுவதும் நல்லதுதான். சகோதரர்கள் வேலையைக் கைவிடுகிறார்கள்.

அந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்துவிட்டேன். "செடிட் தோற்றான், பாதை கட்டி முடிந்தது" என்றேன். கைதட்டினார்கள். அவர் சொன்ன கதையில், தானும் சாகவேண்டும் என்று உணர்ந்த செடிட் சூரியகாந்திப் பூக்களைச் சிறகாகக் கட்டி வானத்தை நோக்கிப் பறக்கிறான். பூக்கள் வாட, விழுந்து இறக்கிறான். அதை அவன் குட்டிக்கரணம் அடித்ததாகச் சொன்னேன். மண்டபமே சிரித்தது.

கோப்பி மேசையருகே கதைசொல்லி என்னிடம் வந்தார். "இந்த இடத்தில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. என்ன சொன்னீர்கள்?"

நான் வாய் திறக்குமுன் அக்கா குறுக்கிட்டார். "முப்பது வருசமா இங்க வேலை செய்யிறன் தம்பி. அவ சொன்ன இங்கிலீஸ் எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ? நான் அழுதுகொண்டிருந்தனான். சுத்தவர எல்லாரும் சிரிச்சவை."

கதைசொல்லியிடம் ஆங்கிலத்தில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"என்னிடம் சொன்னால் போதாது. அவர்களிடம் சொல்லுங்கள்" என்றார்.

மறுபடி மைக்கைப் பிடித்தேன். பாதிப்பேர் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மாற்றியதைச் சொல்லி, பாதை பாதியில் நின்றதையும் செடிட் இறந்ததையும் சொல்லி முடித்தேன். சிலர் கேட்டார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள்.

எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் போனால் முதலில் கட்டிப்பிடித்து அழுவோம். இத்தனை தூரம் பறந்து வந்த நான் அதைக்கூடச் செய்யவில்லை. திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"கபிலன் எப்பிடி அக்கா கார் ஓடுவான்?" என்று கேட்டேன்.

அக்கா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.