மூன்று தரம் இழுத்த நூல்

நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். எத்தனையோ பேரின் கண்களை இந்தக் கையாலேயே மூடிவிட்டிருக்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால், எழுந்துபோய்த் தேநீர் போடுகிற ஆள் நான். ஆனால் இது நடந்தது. போன வருடம் நவம்பர் பதினாறாம் திகதி, எனக்கே நடந்தது.

என் பெயர் நிருஜன். வேலை இல்லாத நேரங்களில், நகரத்துக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் ஒரு வில் கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பு எனக்கு. மரங்களுக்கு நடுவே நுரையால் செய்த பன்றி, மான் பொம்மைகளை வைத்து அம்பு விடுவோம். ஜெர்மனியில் வில்லால் வேட்டையாட முடியாது. டென்மார்க்கில் முடியும். கழகத்துத் தம்பி மிதுஷன் அங்கே தேர்வு எழுதி அனுமதியும் வாங்கிவிட்டான். அடுத்த கிழமை மான் வேட்டைக்குப் புறப்பட இருந்தான்.

அன்று எனக்குத் தொடர்ந்து ஒன்பதாவது நாள் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி, இரண்டு மணிக்கு முடித்து, சட்டையைக்கூட மாற்றாமல் படுத்துவிடுவதாக இருந்தேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. நூல் டப்பாவைப் பழகிப் பாக்க வேணும்."

"எனக்கு ஏலாதடா. இடுப்பு விட்டுப்போச்சு."

"அரை மணித்தியாலம்தான் அண்ணை. அடிபட்ட மானைத் தேடிப் பிடிக்கேலாமல், அது எங்கயாவது கிடந்து வதைபட்டுதெண்டால் எனக்கு நித்திரை வராது."

இப்படிச் சொல்கிறவனிடம் எப்படி மறுப்பது? போனேன்.

நூல் டப்பா என்பது வில்லின் முன்பக்கத்தில் பூட்டுகிற சின்னப் பெட்டி. உள்ளே நானூறு மீட்டர் நூல். அதன் முனை அம்பில் கட்டியிருக்கும். அம்பு பட்ட மிருகம் ஓட ஓட நூல் கழன்று போகும். பிறகு நூல் வழியே போனால் மிருகம் கிடைக்கும். கேட்க இலகுதான். ஆனால் ஓடுகிற நூல் விரலில் சிக்கினால் சதையைக் கிழித்துவிடும். நூலுக்குக் குறுக்கே கை போகக் கூடாது. தேடிப் போகும்போது நூலைக் கையில் சுற்றவே கூடாது. கத்தி எட்டுகிற பையில் இருக்க வேண்டும். கழகத்தில் இதைக் கத்திக் கத்திச் சொல்லி என் தொண்டை போனதுதான் மிச்சம்.

3.35க்கு மிதுஷன் நுரைப் பன்றிக்கு இரண்டு அம்பு விட்டான். நூல் சிக்கலில்லாமல் கழன்றது. அடுத்து, அவனே அடிபட்ட மான். அம்பைக் கையில் பிடித்தபடி வளைந்து வளைந்து காட்டுக்குள் போய் எங்காவது இருப்பான். வில்லும் டப்பாவும் என்னிடம். நூலைத் தொடர்ந்து நான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். காட்டின் பள்ளமான இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னல் இருக்காது. அதனால் ஏதாவது பிரச்சினை என்றால் நூலை மூன்று தரம் இழுப்பதாகப் பேசிக்கொண்டோம். அவனுடைய நூல் செம்மஞ்சள் நிறம்.

காட்டின் மேற்குப் பக்கத்தில் கைவிட்ட கல் குவாரி ஒன்று இருக்கிறது. இருபது மீட்டர் ஆழம்.

"அந்தப் பக்கம் போகாதை."

"ஓம் அண்ணை, தெரியும்."

4.05க்கு நூல் ஓடுவது நின்றது. வேட்டையில் உடனே பின்னால் போகக் கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பொறுத்தேன். உண்மையைச் சொன்னால், மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது 4.52. காடு கறுத்துக் கிடந்தது.

தலை விளக்கைச் சிவப்பில் போட்டேன். மிருகம் மிரளாமல் இருக்க வேட்டைக்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள். சிவப்பு வெளிச்சத்தில் செம்மஞ்சள் நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நேரம் அது எனக்குத் தோன்றவில்லை.

நூலைக் காட்டில் விட்டுவரவும் கூடாது. மான்குட்டிகள் சிக்கிச் சாகும். சுற்றுவதற்கென்று கட்டை ஒன்று வைத்திருக்கிறோம். அது காரில் இருந்தது. திரும்பிப் போய் எடுத்துவர அலுப்பு. டப்பாவில் இருந்து நூலை வெட்டி, இடது கையில் சுற்றிக்கொண்டே நடந்தேன். மற்றவர்கள் செய்திருந்தால் வாயில் வந்தபடி ஏசியிருப்பேன்.

5.14. நூல் ஒரு முள் புதருக்குள் போனது. கையில் இருந்த சுற்றைக் கழற்றி, அறுத்துப் பையில் போட்டேன். புதரைச் சுற்றி மறுபக்கம் வந்தேன். அங்கே, இலைகளுக்கு மேல் ஒரு நூல் முனை கிடந்தது. புதருக்குள் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்து மறுபடி கையில் சுற்றத் தொடங்கினேன்.

நூல் ஈரமாக இருந்தது. ஒரு கிழமையாக மழை இல்லை.

அதுவரை வளைந்து வளைந்து வந்த நூல் இப்போது நேராகப் போனது. முழங்கால் உயரத்தில். விறைப்பாக.

பிறகு... அது அசைந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். விழுந்தவர்கள் அதை இழுப்பார்கள். பதினெட்டு வருடமாக அந்தக் கயிற்றை யாராவது இழுத்தால் என் கால்கள் தானாக ஓடும். அன்றும் ஓடின.

"மிதுஷன்!"

5.21. மறுபடியும் மூன்று தரம்.

இத்தனை மரங்களில் உரசிப் போகிற நூலில் யாராவது இழுத்தால் இந்தப் பக்கம் இவ்வளவு தெளிவாகத் தெரியுமா? அது மனதில் பட்டது. ஆனால் பையன் கால் உடைந்து கிடக்கிறான் என்றால்? அவனுடைய அம்மா ரஞ்சினி அக்காவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? வேகமாக நடந்தேன்.

நிலம் மேடாக ஏறியது. மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்...

நான் நூலைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தேன்.

நூல்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனது.

5.29. தொலைபேசி அடித்தது. மேட்டில் சிக்னல் கிடைத்திருக்க வேண்டும். வலது கையால் எடுத்தேன். மிதுஷன்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"உன்னட்டைத்தான் வாறன். விழுந்திட்டியா? கால் அசையுதா?"

"நான் காருக்கை இருக்கிறன் அண்ணை. குளிர் தாங்கேலாமல் அஞ்சு மணிக்கே வந்திட்டன். அம்பை மரத்தில கட்டிவிட்டனான்."

நூல் இழுபட்டது.

ஒன்று... இரண்டு... மூன்று...

விளக்கை வெள்ளைக்கு மாற்றினேன்.

வேலி சரிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு அடி நிலம். பிறகு ஒன்றும் இல்லை.

நூல் அந்த விளிம்பைத் தாண்டிக் கீழே போனது.

அது செம்மஞ்சள் இல்லை. வெள்ளை. பாசி படிந்த, பழைய வெள்ளை.

"அண்ணை? அண்ணை?"

கையில் இருந்த சுற்றுகள் இறுகின. விரல்கள் நீலமாகின. ஒரு கால் சறுக்கியது. சின்னக் கல் ஒன்று விழுந்தது. ஒன்று... இரண்டு... "டக்".

தொலைபேசியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

பல்லால் கடித்து அதை விரித்தேன்.

மறுபடியும்... மூன்று தரம். மெதுவாக. களைத்துப்போனவர்கள் இழுப்பது போல.

அறுத்தேன்.

கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது.

யாரோ... விம்மினார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. 5.50க்குக் காரில் இருந்தேன். மிதுஷன் கத்தரிக்கோலால் என் கையில் இருந்த சுற்றை விடுவிக்கப் பார்த்தான். "வெட்டாதை, கழட்டு" என்று கத்தினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் புரியவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்து கழற்றினான்.

மறுநாள் பகலில் இரண்டு பேரும் போனோம். நான் வெட்டிய இடத்துக்கு அப்பால் அவனுடைய செம்மஞ்சள் நூல் அறுந்திருக்கவே இல்லை. புதருக்குள் புகுந்து கிழக்கே திரும்பி, அம்பு கட்டிய மரத்தில் போய் முடிந்தது. குவாரி மேற்கே. அங்கே விளிம்பிலும் அடியிலும் ஒரு சாண் வெள்ளை நூல்கூட இல்லை.

கையில் கழற்றிய சுற்றை மட்டும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன். அதை அந்தக் காட்டின் வனக்காவலர் டொறத்தியிடம் கொண்டுபோனேன். குறும்புக்காரர்கள் யாரோ நூல் கட்டி விளையாடுகிறார்கள் என்று முறைப்பாடு சொல்வதுதான் என் எண்ணம். டொறத்தி நூலைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஜெர்மன் மொழியில், மிகவும் மெதுவாகச் சொன்னார்.

நான் கழகத்தில் சேர்வதற்கு முந்திய வருடம் நடந்ததாம். வேறு ஊரில் இருந்து இரண்டு பேர் களவாக வில் வேட்டைக்கு வந்திருக்கிறார்கள். அம்பு பட்ட பன்றிக்குப் பின்னால் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு போனவன் குவாரிக்குள் விழுந்துவிட்டான். நூலின் மற்ற முனை மேலே நின்ற கூட்டாளியிடம் இருந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. இரண்டு காலும் உடைந்திருந்தன. ஆனால் விழுந்ததும் சாகவில்லை; குறைந்தது ஒரு நாள் உயிரோடு இருந்திருக்கிறான் என்றார்கள் மருத்துவர்கள். இழுத்து இழுத்து அவனுடைய உள்ளங்கை எலும்பு தெரிய அறுந்திருந்தது.

"கூட்டாளி?" என்று கேட்டேன்.

"ஆள் பிடிபடவே இல்லை. நூலை அறுத்துவிட்டுப் போய்விட்டான். அந்த முள் புதருக்குப் பக்கத்தில்தான் அறுந்த முனை கிடந்தது. அந்த வெள்ளை நூல் முழுவதையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்."

டொறத்தி நான் கொண்டுபோன சுற்றை மேசையில் விரித்து, இரண்டு முனைகளையும் விளக்குக்குக் கீழே பிடித்தார். இரண்டுமே கத்தியால் அறுத்த முனைகள்.

முதல் தரம் அறுத்தவன் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டாம் தரம் அறுத்தவன் நான்.