சிவப்பு அம்புகள்

முதலில் இறுகியது என் தாடைதான். காலையில் பல் துலக்க வாயைத் திறந்தால் காதோரம் டக்கென்று சத்தம் வரும். "தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க" என்றார் பல் டாக்டர். கடிக்காமல் என்ன செய்வது? என் மகள் யாழினிக்கு ஏழு வயது. ஏடிஹெச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமல், உடம்பும் ஓய்வில்லாமல் ஓடும் மூளை வளர்ச்சிக் குறைபாடு) என்று சொல்லி அவளுக்கு மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சரிசெய்ய முடிந்தால் ஆல்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். பள்ளி லீவு நாட்களில் யாழினி என் மேஜைக்கடியில் இருப்பாள். அவள் எதையும் கவனிப்பதில்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்தக் கோடையில் வீட்டில் அம்புகள் வர ஆரம்பித்தன. அவள் தட்டில் ஒன்று. புத்தகப் பையில் ஒன்று. பீரோக் கண்ணாடியில், என் நெஞ்சு உயரத்தில் ஒன்று. என் துணியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று பிய்த்துப் போட்டேன். மறுநாள் அதே இடத்தில் இருந்தது.

"ஆராச்சும் ஊட்டுக்குச் செய்வினை வெச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றார் என் கணவர். நான் சிரிக்கவில்லை. யாழினியைத் திட்டும்போது என் வாயிலிருந்து வரும் குரல் அப்போது எனக்கே அடையாளம் தெரியவில்லை. என்றாவது கை ஓங்கிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் கரண்ட் போனது. தெருவில் ஓடிய தையல் மெஷின்கள் எல்லாம் நின்றன. வீட்டுக்குள்ளும் சத்தமில்லை. இப்படிப்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் அமைதிதான் பயம். அறைக்கு ஓடினேன்.

யாழினி கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். வாயில், நெற்றியில், இரண்டு உள்ளங்கைகளில், முழங்கால்களில் சிவப்பு அம்புகள். கண் மட்டும் என் பக்கம் திரும்பியது.

"என்ன கண்ணு இது?"

"நீங்க திட்டற எடமெல்லாம்மா." ஸ்டிக்கருக்கு அடியிலிருந்து வாய் கோணிக்கொண்டு கேட்டாள். "நான் ஆல்டருங்களா, ரிஜெக்டுங்களா?"

கண்ணாடியில் அம்பு இருந்தது அவள் முகம் தெரியும் உயரம் என்று அப்போதுதான் உறைத்தது. அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பிய்த்த இடமெல்லாம் சிவந்துபோனது.

அவளுடைய டாக்டரிடம் அத்தனையும் சொன்னேன். சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "செக்கிங் வேலை எப்பங்க முடியும்?"

"எட்டு மணிக்குங்க."

"ஊட்டுக்குப் போனா முடிஞ்சுருதுங்களா?"

என் கை தன்னால் தாடைக்குப் போனது.

அன்றிலிருந்து எனக்கும் சிகிச்சை. கத்துவதற்கு முன் தாடையைத் தளர்த்தி மூச்சை விட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். நல்லது கண்ணில் பட்டால் அப்போதே சொல்ல வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் கணவர் அவளைப் பார்த்துக்கொள்ள, நான் தனியாக நடந்துவிட்டு வர வேண்டும். அவர் முதலில் முனகினார். ஒரு வாரம் பார்த்துக்கொண்டதும் முனகல் நின்றுவிட்டது. அம்மாக்களே, பிள்ளைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது உங்களைப் பற்றியும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

யாழினி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் நான் வேலை முடிந்து வந்ததும் நாற்காலி மேல் ஏறி, என் கன்னங்களைப் பிடித்து, முகத்தை டியூப்லைட் பக்கம் திருப்புவாள். நெற்றி, கண், தாடை என்று விரல் மெதுவாக நகரும். எதற்கும் நிற்காத பிள்ளை அதற்கு மட்டும் நிற்கிறாள். நானும் மூச்சுவிடாமல் நிற்கிறேன், என்னை எதில் போடுவாளோ என்று.

"இன்னிக்குப் பாஸுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் குதித்து ஓடுகிறாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.