ஆவணியில் காய்ந்திருந்த கான்

1. எல்லாரும் ஐந்து

எனக்கு முப்பது வயது. பணி அனுபவம் எழுதுகிற வயதில்லை என்று தெரியும். மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எதையாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

ஒரு நாள் காலை மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எங்கள் குழுவின் தலைவர். நாங்கள் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் இருந்தார்.

"என்ன பிள்ளை இது? ஒருத்தர்கூட நாலு போடேல்லை. எல்லாரும் அஞ்சு. சர்வே நீர் எடுத்தது சந்தையிலயோ, சொர்க்கத்திலயோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போரால் பாதிக்கப்பட்ட இடங்களுக்கென்று ஒரு சர்வதேச நிறுவனம் நகர அபிவிருத்தித் திட்டமொன்றை நடத்தியது. மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள ஒரு சிறு நகரத்தில் புதிய சந்தைக் கட்டடமும், அதன் இரண்டு பக்கத்துச் சிறு தெருக்களான ஒழுங்கைகளுக்கும் மழைத் தண்ணீர் ஓடும் கொங்கிரீட் கான்களும் கட்டிக் கொடுத்திருந்தது. மேற்கு ஒழுங்கையில் தமிழ்க் குடும்பங்கள், கிழக்கு ஒழுங்கையில் முஸ்லிம் குடும்பங்கள். கட்டியதெல்லாம் அந்த மக்களுக்கு உதவியதா என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. நகரத்தின் பெயரை எழுதவில்லை. எழுதக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று நினைவில்லை, எடுத்துப் பார்க்கவும் பயம்.

"இந்த ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் கொன்ராக்டரைக் கணக்கு முடிச்சு விடப்போகினம்," என்றார் சேர். "குறை இருந்தா இப்ப சொல்லவேணும். விட்டபிறகு சொன்னா ஒருத்தரும் திரும்பி வரமாட்டினம். குறையே இல்லையெண்டா நல்லதுதான். உமக்கு அது நம்பிக்கையோ?"

"ஓம் சேர்," என்றேன். உடனே, "இல்ல சேர்," என்றேன். "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன் சேர்."

மகள் கஞ்சியை என் படிவக் கட்டின் மேல் துப்பினாள். அதில்தான் அந்த ஐந்துகள் எல்லாம் இருந்தன.

2. நான் நேர்காணல் செய்த விதம்

எப்படிச் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு அப்போது பதினொரு மாதம். பகலில் மாமி பார்த்துக்கொண்டார். களத்தில் நின்று அரை மணிக்கொரு தடவை மாமிக்கு அழைப்பேன். மூன்றாம் நாள் மாமி சொன்னார்: "புள்ள நல்லா இரிக்கி. நீ எடுக்கிற கோல் சத்தத்துலதான் எழும்புறா."

அதற்குப் பிறகு அழைப்பதைக் குறைத்துக்கொண்டு கவலைப்படுவதைக் கூட்டிக்கொண்டேன்.

பால் கொடுக்கும் நேரம் தவறினால் சட்டை நனைந்துவிடும். கேள்வித்தாள் செருகிய பலகையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "இத்திட்டத்தால் நீங்கள் அடைந்த திருப்தியை ஒன்று முதல் ஐந்து வரையான புள்ளிகளில் தெரிவிக்க முடியுமா?" என்று கேட்பேன். மீன் விற்கிற பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், "அஞ்சு போடுங்க மிஸ்" என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவேன். எல்லாரும் நன்றாக ஒத்துழைக்கிறார்கள் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

இன்னொரு கெட்டித்தனமும் செய்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைக் கடைசியில் கேட்கும்படிதான் படிவத்தில் இருந்தது. சுலபமான கேள்விகளை முதலில் முடித்தால் நல்லதென்று நினைத்து, நான் அவற்றை முதலில் கேட்டேன்.

கானையும் நேரில் போய்ப் பார்த்தேன். ஆவணி மாதம். கான் காய்ந்து கிடந்தது. உள்ளே ஓர் ஆடு படுத்திருந்தது. "நீர்த் தேக்கம் எதுவும் அவதானிக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

நான் பிறந்தது களுவாஞ்சிக்குடி. மார்கழியில் வாவி எங்கே நிற்கும், ஆவணியில் எங்கே நிற்கும் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். நான் பல்கலைக்கழகம் போனவள்.

3. ஏன் ஐந்து போட்டீர்கள்?

சேர் அழைத்த அன்றே சந்தைக்குப் போனேன். மீன் பகுதியில் பரமேஸ்வரி அக்கா கோல்டன் செப்பலி மீனை அடுக்கிக்கொண்டிருந்தார். மேற்கு ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது, அதற்கு அங்கால் வாவி. அவரை எனக்குப் பிடிக்கும். முதல் நாளே என்னை உட்காரச் சொன்னவர் அவர்தான்.

"அக்கா, அண்டைக்கு ஏன் அஞ்சு போட்டீங்க?"

"ஏன்கா புள்ள, குறைஞ்சிட்டா?" என்றார் பதறிப்போய். "ஆறு போடலாமா?"

"இல்லக்கா. உண்மையா உங்களுக்குத் திருப்தியா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இறால் விற்ற பெண்ணைப் பார்த்தார். இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

"இஞ்ச பாரு புள்ள. நீ வந்த கோலம் எங்களுக்குத்தான் தெரியும். சட்டையெல்லாம் பால். கண்ணெல்லாம் நித்திரை. கையில பேப்பர வெச்சி நடுங்கிக்கிட்டு மார்க் கேக்கிறா. எவள்கா உனக்கு ரெண்டு போடுவாள்?"

"அது எனக்கில்லக்கா! கட்டடத்துக்கு, கானுக்கு!"

"அதாரு கண்டா? குறைஞ்ச மார்க்கோட போனா உன்ன வேலையால நிப்பாட்டிப் போடுவாங்க எண்டு, பின்னுக்கு நிண்டவளுகளுக்கும் நான்தான் சொன்னன். புள்ளக்காரி பாவம், அஞ்சக் குடுத்து அனுப்புங்க எண்டு."

நான் கேட்டவர்கள் எல்லாருடைய பதிலையும் ஒரே ஆள் கெடுத்துவிட்டார், அதுவும் என்மேல் வைத்த அன்பினால். பயிற்சி வகுப்பில் பிழை வரக்கூடிய வழிகளை ஒரு பட்டியலாகக் கொடுத்திருந்தார்கள். அதில் இது இருக்கவில்லை.

இறால் விற்ற பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அதுமட்டுமில்ல மிஸ். பேரையும் ஐசி நம்பரையும் முதல்ல எழுதி எடுத்துப்போட்டு, மறுகா குறை இரிந்தாச் சொல்லுங்க எண்டா ஆரு சொல்லுவா? பிரச்சினைக் காலத்துல பேர் எழுதிக்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் நல்லதுக்கு எழுதல்ல."

பலகையைப் பைக்குள் வைத்தேன்.

"அப்ப குறை இரிக்காக்கா?" என்று பரமேஸ்வரி அக்காவிடம் கேட்டேன்.

"குறையா? அந்தக் கான் தண்ணிய வெளிய கொண்டுபோகக் கட்டினதா, உள்ளுக்குக் கொண்டுவரக் கட்டினதா எண்டு நாங்க இன்னும் பேசிக்கிட்டுத்தான் இரிக்கம். போன மழைக்கு ஆத்துத் தண்ணி ஏறி, கானால திரும்பிக் கிறுகி ஒழுங்கைக்குள்ள வந்திட்டு. முகத்துவாரம் வெட்டித் தண்ணியக் கடலுக்கு விடும் மட்டும் என்ட அடுப்பு தண்ணிக்குள்ளதான். கான் இல்லாத காலத்துல முத்தத்தோட நிண்ட தண்ணி."

எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். கானின் மட்டத்தை எடுத்தவர்கள் வாவி வற்றியிருந்த கோடையில் எடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் கோடையில்தான் போய் ஆட்டைப் பார்த்தேன்.

4. சுவரில் கரிக்கோடு

மாமிக்குக் கண் கிளினிக் இருந்த நாளில், மகளையும் தூக்கிக்கொண்டு மேற்கு ஒழுங்கைக்குப் போனேன். இந்தத் தடவை புள்ளியும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. "போன மழைக்குத் தண்ணி எவடத்த நிண்டது? காட்டுங்க," என்று மட்டும் கேட்டேன்.

அவ்வளவுதான், ஒழுங்கையே வெளியே வந்துவிட்டது. ஆளாளுக்கு அடுப்புக்கரியை எடுத்துத் தங்கள் சுவரில் கோடு போட்டார்கள். "அவள் பொய், கூட்டிப் போடுறாள்" என்று ஒருத்தி. "உன்ட வீடு மேட்டுல, உனக்கென்ன தெரியும்" என்று மற்றவள். எழுபது கேள்விகளில் கிடைக்காதது கால் மணி நேரத்தில் கிடைத்தது.

"சரி, அள," என்றார் பரமேஸ்வரி அக்கா.

பைக்குள் கையை விட்டேன். மூன்று பம்பர்ஸ், இரண்டு போத்தல், காய்ச்சல் பார்க்கும் கருவி, மாற்றுச் சட்டை. அளவு நாடா இல்லை.

மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். அக்கா அவளை வாங்கி, கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கோடு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் கரியைத் தொட்டு நக்கினாள். படம் எடுத்தேன். மகளின் உயரம் கிளினிக் அட்டையில் இருந்தது. அதை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போட்டேன்.

படத்தைப் பார்த்துவிட்டு சேர் கேட்டார்: "இதென்ன, சுவரோட ஒரு குழந்தை நிக்குது?"

"ஸ்கேல், சேர்."

"சரி. நல்ல வேலைதான். ஆனா நாடா ஒண்டு வாங்கும் பிள்ளை."

அவர் சொன்ன "நல்ல வேலை"யை நான் இரண்டு நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் நடந்த பிழையைக் காணவில்லை என்று நினைக்கிறேன்.

சுவரில் கோடு போட்ட அன்று பகல் ஒழுங்கையை விட்டு வெளியே வரும்போது, சந்தை மூலையில் நசீமா ராத்தா நின்றார். சந்தையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர், கிழக்கு ஒழுங்கையில் குடியிருந்தவர். அவரும் எனக்கு ஐந்து போட்டவர்தான். கிழக்கு ஒழுங்கையில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவார்கள்.

"தங்கச்சி, எங்கட ஒழுங்கைக்கும் வந்து பாருங்க. எங்களுக்கும் அதே கான்தான், அதே தண்ணிதான்."

அந்த நேரம் பார்த்து மகள் இரண்டு தடவை தும்மினாள். கருவியை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. அந்தக் கருவி பழுதாயிருக்குமோ என்று நினைத்தேன்.

"நாளைக்கு வாறன் ராத்தா," என்றேன்.

மறுநாளும் காய்ச்சல் வரவில்லை. அறிக்கை எழுதும் வேலை வந்தது. இரண்டு ஒழுங்கைக்கும் ஒரே வரைபடத்தில்தானே கான் கட்டினார்கள், ஒன்றைக் காட்டினால் மற்றது விளங்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "மேற்கு ஒழுங்கையின் கான் வாவியில் விழும் இடத்தில் ஒருவழிக் கதவு பொருத்த வேண்டும்" என்று சுவர் அளவுகளோடு எழுதி அனுப்பினேன்.

5. மழை

ஐப்பசியில் கதவு பொருத்தினார்கள். வாவித் தண்ணீர் ஏறினால் தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு. நான் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை பரமேஸ்வரி அக்கா அழைத்தார். பின்னால் மழைச் சத்தம். "புள்ள, ஆறு நிறைஞ்சி நிக்கிது. எங்கட ஒழுங்கைக்குள்ள ஒள்ளுப்பம், கால் நனையிற மழைத் தண்ணிதான். அடுப்பு எரியிது!"

மாமியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் புறப்பட்டேன். வேலை பலன் தந்ததைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது எங்கள் தொழிலில் குறைவு. சந்தை மூலையில் திரும்பும்போது கிழக்கு ஒழுங்கை தெரிந்தது. முழங்கால் வரைக்கும் தண்ணீர்.

நசீமா ராத்தா கதிரைக்கு மேல் கதிரை வைத்து, அதற்கு மேல் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி மறுபக்கத்தைப் பிடித்தேன்.

"வாங்க தங்கச்சி," என்றார். "நாளைக்கு வாறன் எண்டீங்க. இண்டைக்குத்தானா அந்த நாளை?"

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ஒருவர் எனக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னார்: "அவங்கட ஆள் வந்து அவங்கட பக்கத்துக்கு மூடி போட்டுக் குடுத்திட்டா. நமக்கென்ன, நாம நீந்துவம்."

"சும்மா இரிங்க காக்கா," என்று ராத்தா அவரை அதட்டினார். "அவ புள்ளக்காரி. மறந்திட்டா."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். இந்தத் திட்டத்தால் இரு சமூகங்களின் உறவு மேம்பட்டதா என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதற்கும் எல்லாரிடமும் ஐந்து வாங்கி வைத்திருந்தேன்.

அன்று பகலே அந்த ஒழுங்கையின் எல்லா வீடுகளையும் நாடாவால் அளந்தேன். சேரிடம் சொன்னேன்.

"ரிப்போர்ட்டை ஏத்துக்கொண்டாச்சு பிள்ளை. இனிப் போய் நாங்கள் பிழை விட்டம் எண்டு எழுதினா, அடுத்த வேலைக்கு உம்மடை பேரை நான் எப்பிடிக் குடுக்கிறது?"

"நாங்கள் எண்டு எழுதல்ல சேர். நான் எண்டுதான் எழுதுறன்."

கிழக்கு ஒழுங்கைக்குப் போகாதது கள ஆய்வாளரின் தவறு என்று ஒரு பக்கம் எழுதி, அளவுகளை இணைத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு பதினைந்து தடவை திறந்து வாசித்தேன். பதினாறாவது தடவை ஓர் எழுத்துப் பிழை கண்டேன்.

ஒப்பந்தக்காரரை இன்னும் முழுதாகக் கணக்கு முடித்து விட்டிருக்கவில்லை. கிழக்கு ஒழுங்கைக்கும் கதவு வந்தது, மாசியில், மழையெல்லாம் ஓய்ந்த பிறகு. சேர் என் பெயரை அடுத்த வேலைக்குக் கொடுக்கவில்லை. அதற்கடுத்ததற்குக் கொடுத்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். புள்ளி கேட்காதீர்கள், இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெயரைக் கடைசியில் கேளுங்கள், தேவையில்லையென்றால் கேட்கவே வேண்டாம். வாவிக்கரை வேலையை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். ஒருவர் தன் ஒழுங்கைக்குக் கூப்பிட்டால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டாவது அன்றைக்கே போங்கள். நாங்கள் நடக்காத ஒழுங்கை அறிக்கையில் இல்லை, அறிக்கையில் இல்லாத ஒழுங்கைக்குக் கதவும் வராது. நசீமா ராத்தாவின் வீட்டுக்குள் வந்த முதல் மழைக்குக் கோடையில் மட்டம் எடுத்தவர்கள் பொறுப்பு. இரண்டாவது மழைக்கு நான் பொறுப்பு.