தானாக முடிந்த புகார்கள்

கங்கைகொண்டானில் கிணற்று மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. புகார் பிரிவு. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிரிவின் வேலையெல்லாம் கணினிக்குப் போனது. விவசாயி போன் செய்தால் புகார் தானாகப் பதிவாகும். அந்தப் பகுதி மெக்கானிக்கின் செல்போனுக்குத் தானாகப் போகும். வேலை முடிந்ததா என்று விவசாயிக்குத் தானாகக் குறுஞ்செய்தி வரும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எதை அளப்பது? அதை முடிவு செய்யும் பொறுப்பை மேலாளர் என்னிடம் கொடுத்தார்.

ஒரு வாரம் யோசித்து, புகார் எத்தனை நாளில் முடிகிறது என்பதை எடுத்துக்கொண்டேன். மூன்று நாளுக்குள் முடிந்தால் அந்த மெக்கானிக் பேருக்கு நேரே பச்சை, தாண்டினால் சிவப்பு. சுவரில் ஒரு திரையை மாட்டினோம். இரண்டே மாதத்தில் அது முழுக்கப் பச்சையாகிவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம் மேலாளர் அதைக் காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை, மணிமுத்தாறு பக்கம் வாழை போட்டிருந்த ஒரு பெண், மோட்டார் வாங்கிய கடையில் என் எண்ணைக் கேட்டு வாங்கி, அங்கிருந்தே பேசினார்.

“மோட்டார் நின்னு பத்து நாளாச்சும்மா. ஆளு வருவாகன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கடைக்காரரு பாத்துட்டு, வேலை முடிஞ்சிட்டுன்னு கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொல்லுதாரு. யாரு வந்து முடிச்சது?”

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தேடிப் பார்த்தேன். அவர் பெயரில் மூன்று புகார்கள் இருந்தன. மூன்றும் பச்சை.

மறுநாள் அந்தப் பகுதி மெக்கானிக்கோடு கம்பெனி வேனில் கிளம்பினேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

“நான் போன் போட்டேன் மேடம். அவங்க தோட்டத்துல சிக்னல் கெடையாது. தொடர்பு கிடைக்கலைன்னு அமுக்கினேன். ரெண்டு நாள்ல அந்த வேலை என் போன்ல இருந்தே போயிட்டு.”

மெக்கானிக் எதை அமுக்கினாலும் விவசாயிக்குக் குறுஞ்செய்தி போகும்; அதற்கு இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் புகார் தானாக முடிந்துவிடும் என்று ஒரு விதி இருந்தது. நான் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட விதி. குறை இருந்தால் பதில் போடாமலா இருப்பார்கள் என்று அன்று நினைத்திருந்தேன்.

“முன்னெல்லாம் போன் கிடைக்கலைன்னா நேரா போயிருவீங்கல்லா அண்ணாச்சி?”

“போவேன். இப்ப போயி, அங்கன ஆளில்லைன்னா, மத்த வேலை தள்ளிப்போவும். எம் பேருக்கு நேரா செவப்பு விழும்லா.”

பேருக்கு நேரே நிறம் போடச் சொன்னதும் நான்தான்.

அந்தப் பெண் எங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மோட்டார் பெட்டியில் ஒரு கண்டென்சர் கருகியிருந்தது. அண்ணாச்சி அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். தண்ணீர் வந்ததும் அந்தப் பெண் வாய்க்காலோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேட்டுப்பக்கத்து வாழை இலைகள் மடிந்து தொங்கின.

“அங்கன உள்ளது இனி தேறாது. இந்தப் பக்கம் பொழைச்சுக்கிடும்” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். “வந்துட்டீகல்லா, போதும். வராமலே வந்ததா மட்டும் எழுதாதீக” என்றார்.

அடுத்த கூட்டத்தில் தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு, மாற்றங்களை வைத்தேன். பதில் வராத புகார் முடிந்த கணக்கில் சேராது. போன் கிடைக்காதவர்களின் பட்டியல் தனியாக வரும். சரி செய்த மோட்டார் ஒரு மாதத்துக்குள் திரும்ப நின்றால் அதையும் எண்ண வேண்டும். ஆளில்லாத வீட்டுக்குப் போய்வந்ததற்காக மெக்கானிக் பேருக்கு நேரே சிவப்பு விழக் கூடாது.

“திரை பூரா செவப்பாயிருமேம்மா. மேல உள்ளவங்க கேட்டா என்ன சொல்ல?” என்றார் மேலாளர்.

“நான் சொல்லுதேன் சார்.”

“சரி, மாத்துங்க” என்றார்.

அவர் சொன்னபடியே திரை சிவந்தது. தலைமை அலுவலகத்துக்கு இரண்டு தடவை போய் விளக்கினேன். பாதிப் பேருக்குத்தான் புரிந்தது. அந்த ஆண்டு எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது, வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சிக்னல் இல்லாத ஊர்களுக்கு வாரத்தில் ஒருநாள் என்று ஒதுக்கி, மெக்கானிக்குகள் போன் செய்யாமலே நேரில் போகத் தொடங்கினார்கள். சிவப்பு பையப் பையக் குறைந்தது. முழுப் பச்சை பிறகு ஒருநாளும் வரவில்லை.

இன்று காலை பார்த்தபோது நான்கு புகார்கள் சிவப்பில் நின்றன. இரண்டு இடங்களுக்கு ஆள் கிளம்பியாயிற்று. மற்ற இருவருக்கும் நானே போன் செய்தேன். ஒருவர் எடுத்தார். எடுக்காதவர் பெயரை நேரில் போக வேண்டிய பட்டியலில் சேர்த்தேன்.